அறுந்தது எந்தக் கம்பி?

எங்கள் பொறியியல் கல்லூரி ஆய்வகத்துக்கு வெளியாட்களும் கம்பி கொண்டுவருவார்கள். குறுவை அறுப்பு நேரத்தில் வந்த ஒரு மதகு ஒப்பந்தக்காரர், 16 மி.மீ. முறுக்குக் கம்பித் துண்டுகளை மேசையில் வைத்துவிட்டு, பக்கத்தில் மாணவன் ஒருவன் கணினியில் ஓட்டிக்கொண்டிருந்த இழுவைச் சோதனையை வேடிக்கை பார்த்தார். திரையில் நீல உருளை பச்சையாகி, மஞ்சளாகி, நடுவில் சிவந்து ஒடுங்கியது. “இதுலயே பாத்துச் சொல்லிடலாமே சார், என் கம்பியை ஏன் அறுக்கணும்?” என்றார்.

நியாயமான கேள்வி. ஒன்றை அறிந்தோம் என்று எதைக்கொண்டு சொல்வது? நம் சைவர்கள் இதில் மிகவும் கறார். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்தில், பதியை, அதாவது இறைவனை, நிறுவப் புகுமுன்பே அறியும் வழியான அளவையைப் பேசிவிடுகிறார். பிறர் பலவாக விரித்ததைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறார். மாபாடியம் எழுதிய திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர், 18ஆம் நூற்றாண்டில் தருக்க சங்கிரகத்தையும் தமிழாக்கினார். மலையில் புகை கண்டு நெருப்பை அறியும் கருதல், அதாவது அனுமானம், தருக்கத்தின் பாலபாடம். மலையே கண்ணில் படாத காவிரிப் படுகையில் உட்கார்ந்து இதைப் பாடம் சொல்லியிருக்கிறார்கள்!

எங்கள் ஆய்வகத்தில் மூன்று அளவையும் உண்டு. கம்பியோடு ஆலை அனுப்பும் சான்றிதழ் உரை. ‘எஃப்.இ. 500’ ரகம் சதுர மி.மீ.க்கு 500 நியூட்டன் வரையாவது இளகாமல் நிற்க வேண்டும் என்று சொல்லும் ஐ.எஸ். 1786 தர விதியும் உரைதான். யூ.டி.எம். என்னும் சோதனை இயந்திரத்தில் மாட்டி இழுப்பது காண்டல். 16 மி.மீ. கம்பி 10 டன்னை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ இளகத் தொடங்கும். அப்போது மேலிருக்கும் கருநீலச் செதில் பொலபொலவென்று உதிரும். பிறகு இன்னும் சுமை ஏறி, ஓரிடத்தில் ஒடுங்கிக் கழுத்து விழுந்து, வெடிச் சத்தத்தோடு அறும். அறுந்த முனையை உடனே தொட்டால் சுடும். காண்டலிலும் ஐயமும் மயக்கமும் புகும் என்பது சித்தாந்திகளுக்குத் தெரியும். தாடையில் கம்பி வழுக்கினால் நீட்சிக் கணக்கு பொய்யாகும். அதனால்தான் ஒன்றுக்கு மூன்று துண்டு கேட்கிறோம்.

திரையில் அறுந்தது கருதல். ஃபைனைட் எலிமென்ட் முறை உருளையை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து விசைச் சமநிலையைக் கணக்கிடுகிறது. அந்த உருளைக்கு எஃகின் குணம் எங்கிருந்து வந்தது? யூ.டி.எம். தந்த வரைபடத்திலிருந்துதான். கழுத்து விழும்வரை அந்த எண்களை உண்மைத் தகைவாக மாற்ற எளிய சூத்திரம் உண்டு. விழுந்தபின் அது செல்லாது. ஆகவே சோதனை வரைபடத்தோடு ஒட்டும்வரை உள்ளீட்டைத் திருத்தித் திருத்திப் போடுவார்கள். கடைசியில் ‘நன்றாகப் பொருந்துகிறது’ என்று ஓர் அறிக்கை. பொருந்தாமல் என்ன செய்யும்? ஏற்கெனவே நிலைபெற்றதை மறுபடி நிறுவுவதைத் தருக்க நூலார் சித்தசாதனம் என்று குற்றப் பட்டியலில் வைத்தார்கள்.

மாணவன் கேட்டது இன்னும் ஆழமானது. அவனுடைய முதல் உருளையில் கழுத்தே விழவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக நீண்டுகொண்டே போனது. குறையே இல்லாத உருளையில் எந்தக் கட்டமும் இன்னொன்றைவிட நலிந்ததில்லையே. 1885இல் கான்சிடேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கழுத்து எப்போது விழும் என்று காட்டினார். எங்கே விழும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. அதனால் நடுவில் விட்டத்தை ஒரு சதவீதம்போலக் குறைத்து வைப்பது வழக்கம். அவன் கேட்டான்: “குறையை நாமளே வெச்சுட்டு, அங்கதான் அறுந்துச்சுன்னு எழுதறது சரியா சார்?”

குறை என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது, சைவ சித்தாந்தம் உயிரின் குறையாகச் சொல்லும் ஆணவ மலம். அது இடையில் வந்து ஒட்டியதில்லை. செம்பில் களிம்புபோல உயிரோடு அநாதியே உடனிருப்பது. யார் வைத்தார், எப்போது வைத்தார் என்று கேட்கவே இடமில்லை. எஃகின் கதை வேறு. அதன் குறைக்குக் கந்தகம், உலைக் கசடு, உருட்டாலை என்று காரணங்களை அடுக்கலாம். ஆகவே ‘இதையெல்லாம் நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்’ என்று மேடையில் முழங்குபவர்களோடு எனக்கு ஒட்டாது. நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: உள்ள பொருளில், நாம் அறிந்தாலும் அறியாவிட்டாலும், குறையும் கூடவே இருக்கிறது. கணினி உருளையிலோ நாம் வைத்ததைத் தவிர வேறில்லை. கம்பி நமக்குத் தெரியாததையும் சொல்லும். உருளை, நாம் சொன்னதற்கு என்ன விளைவு என்று மட்டும் சொல்லும்.

அதற்காகக் கருதல் தாழ்ந்ததாகிவிடாது. மூன்று துண்டை இழுத்துக் கண்ட குணத்தை வைத்து, இன்னும் செய்யப்படாத மதகு ஷட்டரில் துளையோரம் தகைவு எவ்வளவு ஏறும் என்று சொல்வது நல்ல கருதல். கண்டதிலிருந்து காணாததற்குப் போகிறது. தருக்கம் அனுமானத்துக்குக் கொடுத்த வேலையே அதுதான். கண்டதையே மறுபடி கண்டுபிடித்ததாகச் சொல்வதில்தான் எனக்குத் தகராறு. புராஜெக்ட் அறிக்கையில் ‘கணினியில் சோதித்துக் கண்டோம்’ என்று இருந்தால் நான் கையெழுத்துப் போடுவதில்லை. ‘இந்த வரைபடத்தை உள்ளிட்டு, நடுவில் இவ்வளவு குறை வைத்து, இப்படிக் கணித்தோம்’ என்று எழுதிக்கொண்டு வந்தால் போடுகிறேன்.