எண்ணிக்கையும் உயிரும்

வலசை வரும் நீர்ப்பறவைகளை எண்ணுவதற்கு ஏற்ற மாதம் ஜனவரி. வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும். வடக்கிலிருந்து வந்த வாத்துகளும் உள்ளான்களும் ஓரிடத்தில் நிலைகொண்டிருக்கும். 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் அந்த மாதத்தில்தான் நடக்கிறது. மதுரை வட்டாரத்தில் சாமநத்தம் கண்மாய், மேற்கே வைகை அணை நீர்த்தேக்கம் ஆகியவை இப்பறவைகளுக்குப் பெயர்போனவை.

நாரை, கூழைக்கடா போன்ற பெரிய பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். நீலச்சிறகி வாத்துக் கூட்டம் அப்படி அடங்காது. முதலில் பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண் பழக வேண்டும். பிறகு அந்த அளவைக் கொண்டே கூட்டம் முழுவதையும் அளக்க வேண்டும். தாளில் ஏறுவது ஒரு மதிப்பீடு. அதில் எந்தப் பறவைக்கும் தனி முகம் கிடையாது. உயிரை இப்படித் தொகையாக்குவது தகுமா என்ற கேள்வி இங்கே எழுகிறது.

மதுரை காளவாசலிலிருந்து தேனி சாலையில் மேற்கே போனால், நாகமலையை ஒட்டிக் கீழக்குயில்குடி சமணர்மலை வரும். அங்கே தங்கிய சமணத் துறவிகளின் தத்துவத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு விடை உண்டு. அது ஒவ்வோர் உயிரையும் தனி ஆன்மாவாகக் கொண்டது. பறவை ஐம்பொறிகளும் உடையது என்று வகுத்தது. எண்களை எண்ணத்தக்கவை, எண்ணற்றவை, முடிவற்றவை என மூன்றாகப் பிரித்து, உயிர்களின் தொகையை முடிவற்றதில் வைத்தது. முடிவற்ற தொகைக்குள்ளும் ஓர் உயிர் இன்னோர் உயிரில் கரைந்துவிடுவதில்லை என்பதே இதில் முக்கியம். சைவ சித்தாந்தமும் ஆன்மாக்கள் பல, தனித்தனி என்றே சொல்கிறது. அத்வைதத்துக்கு அந்தப் பன்மையே தோற்றம்தான்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் நாரைக்கு முத்தி கொடுத்த படலம் இருக்கிறது. மதுரைப் பொற்றாமரைக் குளத்து மீன்களைத் தின்ன மனமில்லாமல் தவமிருந்த நாரைக்குச் சிவன் வீடுபேறு தருகிறார். தன் இனத்தார் அந்தப் பாவத்தில் விழாதபடி குளத்தில் மீனே இல்லாமல் போகட்டும் என்று அது வரம் கேட்கிறது. அருள் வந்தது ஒரு நாரைக்கு. அது கேட்டது நாரைகள் அனைத்துக்கும். தனி உயிரும் இனமும் ஒன்றையொன்று விலக்கவில்லை என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று மதுரையில் கிடைக்காது.

கணக்கெடுப்பின் ஒழுங்கும் இந்தத் தனி உயிர் என்ற ஏற்பில்தான் நிற்கிறது. எழுந்து பறந்து மறுகரையில் இறங்கிய பறவையை இரண்டாம் முறை சேர்க்கக் கூடாது. கோரைக்குள் மறைந்து நிற்கும் நாமக்கோழியை விடக் கூடாது. ஒவ்வொன்றும் வேறு வேறு உயிர் என்று ஏற்காதவருக்கு இந்த இரண்டு விதிகளுக்கும் அவசியமே இல்லை. அளவிட்டு மதிப்பிடும்போதும் குறி அந்தத் துல்லியம்தான்.

எண் தரும் பாதுகாப்பு பறவைக்கு நேராகப் போவதில்லை, நீர்நிலை வழியாகவே போகிறது. ஒரு நீர்ப்பறவை இனம் அல்லது துணையினத்தின் ஒரு தொகுதியில் 1 சதவீதம் தொடர்ந்து தங்கும் ஈரநிலம், ராம்சர் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் பெறத் தகுதியுடையது. வழி தவறி வந்த ஒற்றை உள்ளானுக்காக எந்தக் கண்மாயும் இந்த விதியால் தகுதி பெறாது. இந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை.

மழை பொய்த்த ஆண்டில் கண்மாய்கள் வற்ற, பறவைகள் அணையில் குவியும். அணையின் எண்ணிக்கை மட்டும் ஏறும். அதை வளமென்று படிப்பது பிழை. அதனால்தான் பல நீர்நிலைகளை ஒரே நாட்களில் எண்ணுவது தேவைப்படுகிறது. வற்றிய கண்மாயின் பூஜ்யமும் தாளில் ஏற வேண்டும்.