மூன்றாவது பத்தியில் நாங்கள்

2019 செப்டம்பரில், கோடை விடுமுறை முடிந்து ஃபிராங்ஃபர்ட் திரும்பிய இரண்டாவது வாரம், எனக்கு ஒரு மின்மடல் வந்தது. தெற்கு இத்தாலியில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த அமெரிக்கத் தம்பதி அனுப்பியிருந்தார்கள். எனக்கென்று எழுதியது அல்ல. ஊரில் அவர்களை ஆதரிப்பவர்களுக்கு மாதாமாதம் போகும் ஊழியக் கடிதம். என்னுடைய முகவரியையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள்.

முதல் பத்தி வெயிலைப் பற்றியது. இரண்டாவதில் எங்கள் வீட்டுக்காரப் பாட்டி வந்தார். மூன்றாவது பத்தியில் நாங்கள். ஓர் இந்துத் தமிழ்க் குடும்பத்தோடு ஆழமான நட்பை வளர்க்க ஆண்டவர் வழி திறந்தார் என்றும், அவர்களுடைய பிள்ளை நோயுற்ற இரவில் கூட இருக்கும் பாக்கியம் கிடைத்தது என்றும், அவர்கள் மனம் இளகிவருகிறது என்றும், தொடர்ந்து ஜெபியுங்கள் என்றும் இருந்தது. கீழே ஒரு படம். பாட்டியின் முற்றத்தில் என் மகள் முழங்கைவரை தக்காளிச் சாறோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

படத்தை நான்தான் எடுத்தேன். வாட்ஸப்பில் அவர்களுக்கு அனுப்பியதும் நான்தான்.

அந்த இரண்டு மாதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பூலியா என்பது இத்தாலியின் குதிகால். அதன் தலைநகரான பாரியில் ஒரு நிறுவனத்துக்குக் கிடங்கு மென்பொருள் அமைக்கும் வேலை எனக்கு இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் நேரில் போனால் போதும் என்றார்கள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூட வர, தெற்கே லெச்சேயைத் தாண்டி ஒரு கடலோரச் சிற்றூரில் வீடு எடுத்தோம்.

அந்த ஊரில் கோடைக்காலத்தில் யாரும் தனியாக இருந்துவிட முடியாது. மதியம் ஒன்றிலிருந்து ஐந்துவரை கடை, அலுவலகம், சன்னல் எல்லாம் மூடியிருக்கும். எட்டு மணிக்கு ஊரே குளித்து உடுத்திக்கொண்டு சதுக்கத்தில் நடக்க வந்துவிடும். அவர்கள் அதை பஸ்ஸெஜ்ஜாத்தா என்கிறார்கள். எங்கும் போய்ச் சேராத நடை அது. நடக்க முடியாதவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்வார்கள். மதுரையில் என் சிறுவயதில் மின்வெட்டு நேரத்தில் மட்டும் கண்ட காட்சி, அங்கே நாள்தோறும். ஆகஸ்டில் மிலானுக்கும் ஜெர்மனிக்கும் பிழைக்கப் போனவர்கள் திரும்பி வருவார்கள். செப்டம்பர் பிறந்தால் வீதியில் பாதிக் கதவுகள் மறுபடி அடைபடும்.

"இங்கே குளிர்காலம் முழுவதும் செய்ய முடியாததை ஆகஸ்டில் செய்துவிடலாம்" என்றார் அந்த அமெரிக்கர் ஒருநாள். அவர்களுக்கு அது நான்காவது கோடை. இருவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல். தாங்கள் மிஷனரிகள் என்பதை முதல் மாலையே சொல்லிவிட்டார்கள். "கவலைப்படாதீர்கள், இன்றைய வேலை நேரம் முடிந்துவிட்டது" என்று அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

கத்தோலிக்க நாட்டில் இவர்களுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் தெற்கு இத்தாலியின் பெந்தெகொஸ்தே சபைகள் மிஷனரிகளால் மட்டும் வந்தவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கூலிவேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் சொந்தக்காரர்களிடமும் பக்கத்து வீட்டாரிடமும் பேசிப்பேசி வளர்த்தவை. 1935இல் பாசிச அரசு ஒரு சுற்றறிக்கையால் அவர்களுடைய வழிபாட்டைத் தடை செய்தது. முசோலினி போன பிறகும் அந்தத் தடை 1955வரை நீக்கப்படவில்லை. அந்த மண்ணில் இந்த மாற்றம் நடந்ததே நட்பின் வழியாகத்தான் என்று சொன்னால் தவறில்லை.

ஆகஸ்ட் 15 அங்கே ஃபெர்ரகோஸ்தோ. மாதா விண்ணேற்பு நாளும் கோடை விடுமுறையின் உச்சமும் ஒன்றாக வருவதால் நாடே இழுத்து மூடிக்கொள்ளும். அன்றிரவு என் மகளுக்கு மூச்சிரைப்பு வந்தது. மருந்து தீர்ந்திருந்தது, எங்களிடம் கார் இல்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். இரண்டே நிமிடத்தில் அவர் வண்டியைக் கிளப்பினார். அந்த அம்மா என் மகனோடு எங்கள் வீட்டில் தங்கினார். லெச்சே ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் நாற்காலியில் விடியும்வரை என்னோடு உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர். அந்த இரவு அவர் கடவுளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எனக்கு அது பெரிதாகத் தெரிந்தது.

மடலை மனைவியிடம் காட்டினேன். "நம்ம பிள்ளைக்கு மூச்சு வாங்குனதை ஊருக்கெல்லாம் எழுதச் சொல்லி இவங்களை யாரு கேட்டா?" என்றாள். நான் அவர்கள் பக்கம் ஏதோ சொல்லப் பார்த்தேன். "அப்ப அன்னிக்கு ராத்திரியும் வேலை நேரந்தானா?" என்றாள்.

அந்தக் கேள்வியை விட்டு நான் வெகுநாள் நகரவில்லை.

நட்பைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அரிஸ்டாட்டிலைத் தாண்டிப் போவது கடினம். பயனுக்கான நட்பு, இன்பத்துக்கான நட்பு, ஒருவரின் நற்குணத்துக்காக அவரையே விரும்பும் நட்பு என்று மூன்றாகப் பிரித்தார். இது பலருக்கும் தெரியும். நிக்கோமாக்கிய அறவியலின் ஒன்பதாம் பகுதியில் இன்னொன்று சொல்கிறார், அதைக் குறைவாகவே பேசுகிறோம். ஒருவன் தன்னை நற்குணத்துக்காக நேசிக்கிறார்கள் என்று தானாக எண்ணி ஏமாந்தால் தன்னைத்தான் நொந்துகொள்ளவேண்டும். மற்றவன் அப்படி நடித்து ஏமாற்றியிருந்தால் குற்றம் சாட்டலாம், கள்ளநாணயம் அடிப்பவனைவிடக் கடுமையாகவே சாட்டலாம் என்கிறார். எங்கள் விஷயத்தில் நடிப்பு எங்கே இருந்தது? மிஷனரிகள் என்றுதான் அறிமுகமானார்கள். மடலை மறைக்காமல் எனக்கே அனுப்பினார்கள். அவர்கள் பார்வையில் ஜெபக் குறிப்பில் ஒருவர் பெயரைச் சேர்ப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. கள்ளநாணயம் அடிப்பவர் தன் அச்சை நம் வீட்டுக்கு அனுப்பிவைப்பாரா?

இதை இத்தனை நிதானமாக எழுதுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதே கோடையில் பாரியில் நானும் ஒரு நட்பை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

கிடங்கின் மேலாளர் என் வயதுக்காரர். மீன்பிடிப்பதில் பைத்தியம். அவருடைய அம்மாவுக்கு ஜூலையில் இடுப்பு அறுவை சிகிச்சை. இவை எனக்கு நினைவிருப்பதற்குக் காரணம் எங்கள் நிறுவனத்தின் சி.ஆர்.எம். மென்பொருள். அதில் ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயருக்குக் கீழும் 'தனிப்பட்ட குறிப்புகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அம்மா, இடுப்பு, ஜூலை என்று அதில் தட்டச்சு செய்தேன். அடுத்த அழைப்பில் முதல் கேள்வியாக அம்மாவை விசாரித்தேன். அவர் நெகிழ்ந்துபோனார். என்னைச் சாப்பிட அழைத்துப்போய், கடலுக்கு எதிரில் உட்காரவைத்து, பச்சையாகக் கடல் முள்ளெலி தின்னக் கற்றுக்கொடுத்தார். அன்று அவரை எனக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. அக்டோபரில் ஒப்பந்தம் இன்னும் ஓர் ஆண்டு நீண்டது.

அந்த மிஷனரிகளாவது தங்கள் குறிப்புகளை எனக்கு அனுப்பினார்கள்.

மதுரைக்காரன் ஒருவன் இத்தாலியில் மிஷனரிகளிடம் சிக்கியதில் வரலாற்றின் சிரிப்பு ஒன்று உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் சேசு சபைக் குருக்கள் கலாப்ரியா, சிசிலி போன்ற தெற்குப் பகுதிகளை 'இந்தப் பக்கத்து இந்தியா' என்று அழைத்தார்கள். அங்கிருந்த குடியானவர்களும் மேய்ப்பர்களும் பெயருக்குத்தான் கிறிஸ்தவர்கள், கடல் கடந்து போவானேன், இங்கேயே வேலை கிடக்கிறது என்பது பொருள். அந்தச் சபையில் நேப்பிள்ஸில் போய்ச் சேர்ந்த ரோமாபுரிப் பிரபு வீட்டுப் பிள்ளை ஒருவர் அந்தப் பக்கத்து இந்தியாவையே தேர்ந்தெடுத்தார். 1606இல் மதுரைக்கு வந்தார். நாம் தத்துவ போதகர் என்று அறியும் ராபர்ட் தெ நோபிலி.

காவி உடுத்தி, மாமிசம் விட்டு, தமிழில் நூல்கள் எழுதியவர். சிவதர்மர் என்ற பிராமணர் அவருக்குச் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஞானஸ்நானம் பெற்றார். எத்தனை மாதம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருப்பார்கள். ஒருவர் மற்றவரின் சாத்திரத்தைக் கற்க, மற்றவர் இவரின் வேதத்தைக் கேட்க. அது நட்பா? அவரைப் பற்றி நான் வாசித்தவை எல்லாம் நோபிலியின் பக்கத்திலிருந்து வந்தவை. சேசு சபையினர் மேலிடத்துக்குக் கடிதங்கள் எழுதவேண்டும், ஆண்டு அறிக்கை அனுப்பவேண்டும். அதாவது அந்தக் காலத்து ஊழியக் கடிதங்கள். சிவதர்மர் அவற்றின் ஏதோ ஒரு பத்தியில் இருக்கிறார். தன்னைப் பற்றி எழுதியிருப்பதை அவர் படித்திருந்தால் எந்த வரியில் நின்றிருப்பார் என்று நினைத்துப்பார்க்கிறேன். நான் "மனம் இளகிவருகிறது" என்ற வரியில் நின்றேன். என் மனத்தின் நிலையை மூன்றாம் மனிதர்களுக்கு அறிவிக்க என்னைத் தவிர யாருக்கு உரிமை?

ஆனாலும் நோபிலியை ஒதுக்கித்தள்ள என்னால் முடியவில்லை. மாற்ற வந்த மனிதர் தானும் மாறினார். உடையும் உணவும் மாறியதைச் சொந்தச் சபைக்காரர்களே குற்றம் சாட்டி ரோமுக்கு எழுதினார்கள். 1623இல் போப்பாண்டவரின் அனுமதி வரும்வரை அந்த வழக்கு ஓடியது. இன்னொருவரோடு பழகியதற்காகத் தன் வீட்டில் அவர் ஒரு விலை கொடுத்தார். சாதியை அப்படியே ஏற்றுக்கொண்டு பழகினார் என்பதும் அதே கணக்கில்தான் வரும், அதை மறக்கக்கூடாது. பாரி மேலாளருக்காக நான் கொடுத்த விலை ஒன்றும் இல்லை.

அந்தப் பகுதிக்கே சொந்தமான நட்புக் கதை ஒன்று உண்டு. சிசிலியின் சிரக்கூஸில் டயோனிசியஸ் என்ற கொடுங்கோலன். பித்தகோரஸ் வழியினரான தாமோன், ஃபிந்தியாஸ் என்ற இருவரின் நட்பைச் சோதிக்க, ஃபிந்தியாஸ்மீது சதிக் குற்றம் சாட்டி மரண தண்டனை விதிக்கிறான். வீட்டுக் காரியங்களை முடித்துவர ஒரு பகல் கேட்கிறான் ஃபிந்தியாஸ். தாமோன் பிணையாக நிற்கிறான். பொழுது சாயும்போது போனவன் திரும்பி வருகிறான். இதுவரை பள்ளிக்கூடத்துக் கதை. அதன் முடிவைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். கொடுங்கோலன் இருவரையும் கட்டித் தழுவி, மூன்றாமவனாகத் தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிறான். எவ்வளவு கெஞ்சியும் அவர்கள் சம்மதிக்கவில்லை. இதை எழுதிவைத்தவர் பூலியாவின் தாரந்தோவில் பிறந்த அரிஸ்டாக்சினஸ். பதவி இழந்து கொரிந்துவில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து வாழ்ந்த டயோனிசியஸ் வாயாலேயே கேட்டதாகச் சொல்கிறார்.

உயிரை எடுக்கும் அதிகாரம் உள்ளவனிடம் அவர்களால் முடியாது என்று சொல்ல முடிந்தது. நான் இதையே பிடித்துக்கொண்டேன். நோக்கத்தோடு வருகிறவர் நண்பராக முடியாது என்று சொன்னால், நம்மில் யாருக்கும் நண்பர்கள் மிஞ்ச மாட்டார்கள். ஜெர்மனிக்கு வந்த புதிதில் நான் தமிழ்ச் சங்கத்துக்குப் போனது மொழிப் பற்றால் அல்ல. வீடு தேட ஆள் வேண்டியிருந்தது. அங்கே கிடைத்தவர்தான் இன்று என் பிள்ளைகளுக்குப் பெரியப்பா. வள்ளுவர் நட்புக்கு அடுத்தே நட்பாராய்தல் என்று ஓர் அதிகாரம் வைத்தார். ஆராய்வதும் ஒரு நோக்கம்தானே. கேட்கவேண்டியது, வந்தவர் தேடி வந்தது கிடைக்காது என்று தெரிந்த மறுநாள் என்ன செய்கிறார் என்பதைத்தான்.

அதனால் அவர்களை அழைத்தேன். மூன்று விஷயம் சொன்னேன். நாங்கள் மதம் மாறப்போவதில்லை. மகளின் படத்தையும் நோயையும் இனி எழுதக்கூடாது. அந்த இரவுக்கு எங்கள் நன்றி அப்படியே இருக்கிறது. கொஞ்சநேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு அந்த அம்மா, படத்தைப் போட்டது தவறு, மன்னியுங்கள் என்றார். "ஆனால் உங்களுக்காக ஜெபிப்பதை நிறுத்தும்படி கேட்காதீர்கள், அது என்னால் முடியாது." பொய் சொல்லாமல் பேசினார் என்பதால் அந்த பதில் எனக்குப் பிடித்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

வீட்டுக்காரப் பாட்டியிடமும் கேட்டேன். பிள்ளைகள் அவரை நொன்னா என்றே அழைப்பார்கள். அவர் கணவரை இழந்தவர், ஞாயிறு பூசைக்குத் தவறாதவர். நாங்கள் போவதற்கு முந்தைய வாரம் அவர் முற்றத்தில் எல்லோரும் சேர்ந்து தக்காளியை அரைத்து, பழைய பியர் பாட்டில்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு துளசி போன்ற இலையைப் போட்டு, விறகடுப்பில் டிரம்மில் வேகவைத்தோம். அந்த அமெரிக்கர்தான் இரவெல்லாம் அடுப்பைப் பார்த்துக்கொண்டார். உங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள் பாட்டி, உங்களைச் சபைக்கு இழுக்கத்தான் பழகுகிறார்கள், தெரியுமா என்றேன்.

தெரியுமே என்றார். "நான்கு வருடமாக வரச் சொல்கிறார்கள். நான்கு வருடமாக நான் மாட்டேன் என்கிறேன். பிப்ரவரியில் கொதிகலன் கெட்டுப்போனால் வந்து பார்க்கிறார்கள். என் மகன் டோரினோவில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வான்." பிறகு, நான் எடுத்துப்போன ஆறு பாட்டிலில் எத்தனை மிச்சம் என்று கேட்டார்.

ஊழியக் கடிதம் இன்றும் மாதாமாதம் வருகிறது. அடியில் பட்டியலிலிருந்து விலகும் இணைப்பு இருக்கிறது, நான் அழுத்தவில்லை. பாட்டியைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுவேன். நாங்கள் அதில் மறுபடி வரவில்லை. மகளின் பிறந்தநாளுக்கு அழைக்கிறார்கள், மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது என்று மறக்காமல் கேட்கிறார்கள்.

பாரி ஒப்பந்தம் 2020இல் முடிந்தது. அடுத்த ஆண்டு நான் வேறு நிறுவனத்துக்கு மாறினேன். குறிப்புகள் பழைய சர்வரிலேயே தங்கிவிட்டன. அந்த மேலாளரின் எண் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. அவருடைய அம்மா நடக்கிறாரா என்று நான் இதுவரை கேட்கவில்லை. இப்போது கேட்டால் என்ன வேண்டும் என்றுதான் நினைப்பார்.

அடுத்த மாதம் அந்தத் தம்பதி ஃபிராங்ஃபர்ட் வழியாக ஊருக்குப் போகிறார்கள். இரண்டு இரவு எங்கள் வீட்டில் தங்குகிறார்கள். வரச் சொன்னது என் மனைவி. அன்று ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுத்தது வேலை நேரத்திலா என்று அவரிடம் நேராகவே கேட்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சோபாவை விரித்தால் இருவருக்கும் இடம் போதுமா என்று நேற்று அளந்து பார்த்தோம்.