காசல்ரீயில் ஒரு பகல்

கெசல்கமுவ ஓயாவை மறித்து 1965இல் எழுப்பிய அணைக்குப் பின்னால் தேங்கிய நீர் இது. வரைபடத்தில் கைகளை அகல விரித்துக் கிடக்கும். ஒவ்வொரு கையும் முன்பு ஒரு பள்ளத்தாக்கு. படகு ஒரு முனையைச் சுற்றினால் இன்னொரு தோட்டம், இன்னொரு லய வரிசை. 1878இல் கட்டிய வார்லி தேவாலயமும் கரையில்தான் இருக்கிறது. இந்த நீரைவிட அதற்கு வயது அதிகம்.

*

மழையில்லாத மாதம். தண்ணீருக்கும் தேயிலைக்கும் நடுவே செம்மண் பட்டை. பக்கத்து நீர்த்தேக்கமான மவுசாகலையில் நீர் இப்படி வற்றும்போது, அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும். ஆட்கள் போய்ப் படம் எடுக்கிறார்கள். குறை சொல்ல மனமில்லை. அந்தக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகளும் கூட்டத்தில் இருக்கக்கூடும்.

*

நடுவில் வந்ததும் படகுக்கார அண்ணன் எஞ்சினை நிறுத்தினார். மேல்மலையில் கொழுந்து பறிப்பவர்களின் பேச்சு நீரின் மேல் தெளிவாக வந்தது. யாரோ ஒருத்தியின் மருமகளைப் பற்றிய பேச்சு. கேட்காததுபோல் இருந்தோம்.

*

இந்த மலைக்குத் தோட்டத் துரைமார் பலர் வந்த ஸ்கொட்லாந்தில் 'நெப்டியூன் படிக்கட்டு' என்று ஒன்று உண்டு. கலிடோனியன் கால்வாயில் அடுத்தடுத்து 8 நீர்ப்பூட்டுகள். அறைக்குள் படகு நுழையும், கதவு அடைபடும், தண்ணீரை வடிப்பார்கள். நீரோடு படகும் தாழும். சுமார் 20 மீட்டர் இறங்க ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். ஆட்கள் தேநீர் குடித்தபடி இறங்குவார்கள். அந்தத் தேயிலை இங்கே பறித்ததாகவும் இருக்கலாம்.

காசல்ரீயிலும் படிக்கட்டு இருக்கிறது, ஆனால் அது தண்ணீருக்கு மட்டும். சுரங்கத்தில் நுழைந்து விமலசுரேந்திர மின்நிலையம், பிறகு பழைய லக்ஷபான, கடைசியில் பொல்பிட்டிய. ஒவ்வொரு படியிலும் சுழலியைச் சுற்றிவிட்டு, 800 மீட்டருக்கும் மேல் இறங்கி, களனி கங்கையாகிக் கொழும்புக்குப் போகிறது. படகு இங்கேயே வட்டமடிக்கிறது. நாம் மிதக்கும் நீரே நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்பது, எஞ்சின் ஓடாத இந்தச் சில நிமிடங்களில் விசித்திரமாகப் பட்டது.

*

பொறியியலாளர் விமலசுரேந்திர இந்த ஆற்று நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918லேயே எழுதினார். பழைய லக்ஷபான 1950இல் ஓடத் தொடங்கியது. தண்ணீரைச் சுற்றியிருந்த லயங்கள் பலவற்றில் அதன் பிறகும் பல ஆண்டுகள் மண்ணெண்ணெய் விளக்குதான். கொழும்பில் மின்விசிறி சுற்றிய இரவுகளில் இங்கே பிள்ளைகள் குப்பி விளக்கில் படித்தார்கள். இந்த அமைதிக்கு உதவாத எண்ணம்தான். ஆனாலும் வந்தது, இருக்கட்டும்.

*

வெயில் சாயும் நேரம். கரைக்குத் திரும்பும்போது அண்ணன் செம்மண் பட்டையைக் காட்டினார்.

"மழைக்கு இது பூரா மூடிரும் தம்பி. வான் பாயுற அன்னைக்கு வாங்க."

"அன்னைக்குப் படகு விடுவீங்களா, அண்ணே?"

"படகா? அணைக்கட்டு ரோட்டுல நின்னு பாக்கத்தான் சொன்னேன்."