வலியின் உறுதியும் கத்தியின் நியாயமும்

இடுப்பு முதுகெலும்பில் பழுதான டிஸ்க்கை எடுத்துவிட்டுச் செயற்கை டிஸ்க் பொருத்துவதன் நோக்கம் வலியைத் தணிப்பதோடு அசைவையும் காப்பது. கிழக்கு பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் கூர்ட் ஷெல்நாக்கும் காரின் பியூட்னர்-யான்ட்ஸும் உருவாக்கிய டிஸ்க் 1984இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பியூட்னர்-யான்ட்ஸ் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கம் வென்றவர். முதுகு வளைவதன் அருமையை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. அமெரிக்காவில் இந்த டிஸ்க்குக்கு 2004இல் அனுமதி கிடைத்தது.

சிலருக்கு இது பயன் தராமல் போகிறது. டிஸ்க் எலும்புக்குள் புதைகிறது, இடம் நகர்கிறது, அதன் பாலிஎத்திலீன் பகுதி தேய்கிறது. அரிதாகக் கிருமித் தொற்றும் ஏற்படுகிறது. கிருமிகள் உலோகத்தின்மேல் படலமாகப் படிந்துவிட்டால் மருந்து அவற்றைச் சரியாக எட்டாது. பெரும்பாலும் டிஸ்க்கை எடுத்துவிட்டுப் பல வாரங்கள் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். விட்டுவைத்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் இங்கே முடிவெடுப்பதில் அறச்சிக்கல் அதிகமில்லை.

சிக்கல் எழுவது, உயிரைப் பறிக்காத, ஆனால் வாழவும் விடாத வலியில். அந்த வலிக்காக டிஸ்க்கை எடுப்பது எளிதல்ல. இடுப்புப் பகுதிக்கான இந்த டிஸ்க் வயிற்றின் வழியாகப் பொருத்தப்படுகிறது. மகாதமனியும் பெருஞ்சிரையும் கால்களுக்கான கிளைகளும் அந்த எலும்புகளின் முன்னால்தான் செல்கின்றன. முதல் அறுவையில் அவற்றை மெல்ல ஒதுக்கிவிடலாம். சில வாரங்களுக்குப் பின் தழும்புத் திசு எல்லாவற்றையும் ஒட்டவைத்துவிடுகிறது. பிரித்தெடுக்கும்போது ரத்தக்குழாய் கிழிந்தால் நோயாளி மேசையிலேயே இறக்கக்கூடும். அதனால்தான், முடிந்த இடங்களில், டிஸ்க்கை அப்படியே விட்டுவிட்டு முதுகுப் பக்கமாகத் திருகாணியும் கம்பியும் வைத்து எலும்புகளை இணைக்கிறார்கள். காக்க நினைத்த அசைவு அத்துடன் போய்விடும்.

வலியை நீக்க உயிரைப் பணயம் வைக்கலாமா? வலிப்பவருக்கு வலியைவிட உறுதியானது வேறில்லை, கேட்பவருக்கோ அது சந்தேகத்துக்குரியது என்று இலக்கிய அறிஞர் எலைன் ஸ்காரி 1985இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். ஸ்கேனில் கோளாறு தெரியாதபோது மருத்துவரின் சந்தேகம் எளிதில் மறுப்பாகிவிடுகிறது. நோயாளி மிகைப்படுத்துகிறார் என்ற பேச்சும் தொடங்குகிறது. இது அநீதி. ஆனால் இங்கே இரண்டு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. வலி இருக்கிறது என்பதற்கு நோயாளியின் சொல்லே போதும். அந்த வலி டிஸ்க்கிலிருந்துதான் வருகிறது என்பதற்கு அந்தச் சொல் சான்றாகாது. மூட்டு, நரம்பு, பக்கத்து டிஸ்க் என மூலம் வேறாகவும் இருக்கலாம். மறு அறுவை தொடுவது டிஸ்க் என்ற ஒரு மூலத்தை மட்டுமே. ஆகவே நோயாளியை முழுதாக நம்பும் மருத்துவருக்கும் அறுவையை மறுக்க நியாயம் உண்டு.

கடும் வலியில் கொடுக்கும் சம்மதம் சுதந்திரமானதா என்பது அடுத்த கேள்வி. வலியில் துடிப்பவருக்கு முடிவெடுக்கும் தகுதியில்லை என்றால், மருத்துவத்தை நாடி வரும் பெரும்பாலோரிடமிருந்து அந்த உரிமையைப் பறிக்க நேரும். அவருக்குக் கிடைக்க வேண்டியவை அவகாசமும் உண்மையும்: இறப்பும் நேரலாம், டிஸ்க்கை எடுத்த பின்னும் வலி நீடிக்கலாம். முதலில் டிஸ்க் பொருத்தியவருக்குத் தம் வேலையைக் குறைசொல்வது கடினம் என்பதால், சம்பந்தமில்லாத வேறொரு நிபுணரின் கருத்தும் அவசியம். அறுவை வேண்டாமென்று முடிவானாலும் வலிக்கான மருந்தும் உடற்பயிற்சி சிகிச்சையும் தொடர் கண்காணிப்பும் மருத்துவரின் கடமையாகவே நீடிக்கின்றன.