பித்தும் சாட்சியும்

1975ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் உள்ள ஸ்னோமாஸில், திபெத்திய பௌத்த குரு சோக்யம் துருங்பா தம் சீடர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி முகாம் நடத்தினார். கவிதைக்காக 1971இல் புலிட்சர் பரிசு பெற்றிருந்த டபிள்யூ. எஸ். மெர்வினும், அவருடைய தோழியான இன்னொரு கவிஞரும் அதில் கலந்துகொண்டிருந்தார்கள். ஹாலோவீன் இரவு விருந்தில் மது ஓடியது. பலர் ஆடை களைந்து நின்றார்கள். இருவரும் பிடிக்காமல் அறைக்குத் திரும்பிவிட்டார்கள். குரு அழைத்துவரச் சொன்னார்; மறுத்தார்கள். சீடர்கள் அறையை உடைத்துக்கொண்டு நுழைந்தார்கள், கைகலப்பில் சிலருக்குக் காயம். குருவின் முன் நிறுத்தப்பட்ட இருவரையும் அவருடைய ஆணைப்படி பலவந்தமாக நிர்வாணமாக்கினார்கள். போலீசைக் கூப்பிடச் சொல்லி அந்தப் பெண் கதறியும் யாரும் கூப்பிடவில்லை. எதிர்த்துக் குரல் கொடுத்த ஒருவரும் அடிபட்டார்.

இது வெறும் வன்முறைச் செய்தியாக இருந்திருந்தால் போலீசோடும் நீதிமன்றத்தோடும் முடிந்திருக்கும். ஆனால் துருங்பாவைச் சூழ்ந்தவர்கள் இதற்கு ஒரு மத விளக்கம் வைத்திருந்தார்கள். ஞானம் முற்றியவரின் செயல் உலகத்தின் கண்ணுக்குப் பித்தாகத் தெரியும். சீடனின் அகந்தையை உடைப்பதே அதன் நோக்கம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதை எடைபோடும் தகுதி கிடையாது என்பது அந்த விளக்கம். இங்கிருந்துதான் என் கேள்வி தொடங்குகிறது. புனிதப் பித்து என்று ஒன்று இருக்குமானால், அதன் வரலாற்றை எழுதுபவர் எந்த இடத்தில் நின்று எழுத வேண்டும்? பித்தரின் பக்கத்தில் நின்று பார்த்தால் மட்டும் போதாது, அந்தப் பித்து யார் மேல் இறங்கியதோ அவருடைய இடத்திலிருந்தும் எழுதியாக வேண்டும் என்பதே என் வாதம். அப்படி எழுதுவது மதத்துக்கோ கலகத்துக்கோ எதிரானதும் அல்ல.

இந்தச் சம்பவத்துக்கு அப்படியொரு வரலாற்றாளர் கிடைத்தார். கவிஞர் எட் சாண்டர்ஸ் நியூயார்க்கில் ‘தி ஃபக்ஸ்’ இசைக்குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆபாசக் குற்றச்சாட்டில் 1966இல் கைதாகி, வழக்காடி வென்றவர். 1967இல் வியட்நாம் போரை எதிர்த்துத் திரண்ட கூட்டத்தோடு பென்டகன் முன் நின்று பேயோட்டும் சடங்கு நடத்தியவர். கவிஞன் ஆவணங்களைத் தேடிச் சென்று தன் காலத்தின் வரலாற்றை எழுத வேண்டும் என்று 1976இல் ஒரு சிறுநூலும் வெளியிட்டார். துருங்பா 1974இல் நிறுவிய நரோப்பா கல்வி நிலையத்தில், கவிஞர்கள் அலன் கின்ஸ்பெர்க்கும் ஆன் வால்ட்மனும் நாவலாசிரியர் கெரோவாக்கின் பெயரில் ஒரு கவிதைப் பள்ளி நடத்திவந்தார்கள். சாண்டர்ஸ் அங்கே 1977இல் பாடம் நடத்த வந்தபோது, அவருடைய வகுப்பு ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் அந்த ஹாலோவீன் இரவு. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டார்கள், மெர்வினிடம் கடிதம் வாங்கினார்கள், நடந்ததைக் காலவரிசையில் தொகுத்தார்கள். பள்ளிக்குள் பெரும் சங்கடம். 1957இல் தன் கவிதை நூலுக்காக ஒரு நீதிமன்றமே கருத்துரிமையின் பக்கம் நின்றதைக் கண்ட கின்ஸ்பெர்க், இப்போது தயக்கங்களோடு குருவின் பக்கம் நின்றார்.

சாண்டர்ஸுக்கு எதிரான முதல் ஆட்சேபம் எளிதில் ஊகிக்கக்கூடியது. ஊராரின் ஒழுக்கத்தைத் தூக்கியெறிந்தவர்களின் கதையை அதே ஊராரின் அளவுகோலால் அளப்பது என்ன நியாயம்? நிர்வாணத்தைக் கண்டு பதறுகிறவன் எதிர்க்கலாச்சாரத்தின் வரலாற்றை எழுதலாமா? இதற்கு விடை கின்ஸ்பெர்க்கின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1956இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த கவிதை வாசிப்பில் ஒருவர் இடைமறித்துச் சீண்டியபோது, கவிஞன் உலகத்தின் முன் அம்மணமாக நிற்பவன் என்பதைக் காட்ட அவர் தன் உடைகளையெல்லாம் கழற்றி நின்றார். அங்கும் நிர்வாணம், ஸ்னோமாஸிலும் நிர்வாணம். ஆனால் முதலாவதில் அவமானத்துக்குத் துணிந்தவர் தன் உடலைப் பணயம் வைத்தார். இரண்டாவதில் ஒருவரின் ஞானத்துக்கு இன்னொருவரின் உடல் பணயமானது. இந்த வேறுபாட்டைக் காண நாணம் என்ற அளவுகோல் தேவையே இல்லை. மீறலுக்கான விலையைக் கொடுத்தது யார், அதற்கு அவர் சம்மதித்தாரா என்ற இரண்டு கேள்விகள் போதும்.

கின்ஸ்பெர்க்கும் கெரோவாக்கும் சேர்ந்த பீட் தலைமுறையின் மற்ற வாழ்க்கைகளும் இதே கேள்விகளுக்கு உட்பட்டவைதான். 1957இல் வெளிவந்த கெரோவாக்கின் சாலை நாவல் அவருடைய நண்பர் நீல் காசடியை ஒரு புனித முட்டாளாகவே உருவாக்கிக் காட்டுகிறது. அந்தச் சாலை ஓட்டத்தின்போது வீட்டில் குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்த நீலின் மனைவி கரோலின் காசடி தன் நினைவுகளை நூலாக்கியது 1990இல். கெரோவாக்கின் காதலியாக இருந்த ஜாய்ஸ் ஜான்சன் 1983இல் எழுதிய நூலில், அந்த நாயகர்களின் கதைகளில் உதிரிப் பாத்திரங்களாக வந்துபோன பெண்கள் முன்னால் வருகிறார்கள். கெரோவாக் தன் மகளென்று ஏற்க மறுத்த ஜான், அவரை நேரில் பார்த்தது இரண்டே முறை. இந்தப் பெண்கள் யாரும் கெரோவாக்கின் எழுத்தைச் சிறுமைப்படுத்த வரவில்லை. கெரோவாக்கின் பக்கங்களில் விடுதலையாகத் தெரிந்தது, இவர்களுடைய பக்கங்களில் வாடகையும் பால் புட்டியும் காத்திருப்புமாகத் தெரிகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் அது வரலாறு.

இரண்டாவது ஆட்சேபம் மதத்துக்குள்ளிருந்து வருவது, முதலாவதைவிட வலுவானது. அந்தக் கல்வி நிலையத்துக்குப் பெயர் தந்த நரோப்பா, நாளந்தாவின் பேரறிஞர் என்ற நிலையை விட்டுவிட்டுத் திலோப்பா என்ற குருவைத் தேடிப் போனவர். குருவின் குறிப்பறிந்து கோயில் கூரையிலிருந்து குதித்தவர் என்று கதை சொல்கிறது. திபெத்திய குரு மார்ப்பா தன் சீடர் மிலரேப்பாவைக் கோபுரம் கட்டவைத்து இடிக்கச்சொல்லி, மறுபடி கட்டவைத்து வதைத்தார். சித்தர் கதைகள் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கும் இந்தத் தர்க்கம் அந்நியமாக இராது. ஆனால் மிலரேப்பாவின் வாழ்க்கையை யார் எழுதினார், எப்படி எழுதினார் என்று பார்க்க வேண்டும். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை எழுதியவர் ‘த்சாங் நாட்டுப் பித்தர்’ என்றே அறியப்பட்ட துறவி. அந்தப் பித்தர் தேர்ந்துகொண்ட வடிவம், மிலரேப்பா தன் சீடரிடம் தன் வாழ்க்கையைத் தானே சொல்வது. மிலரேப்பா மறைந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதப்பட்ட அந்தக் குரல் புனைவாகவே இருக்கலாம். இருந்தாலும் அந்த வடிவம் ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. அடி வாங்கியவன் தன் வாயால் சொன்னால்தான் அடி அருளாகும் என்பதை அந்தப் பித்தரும் அறிந்திருந்தார். ஸ்னோமாஸில் அடி வாங்கியவர்கள் பேசினார்கள். அதை அருள் என்று அவர்கள் சொல்லவில்லை.

மெர்வின் தானாகத்தானே முகாமுக்கு வந்தார், சம்பவத்துக்குப் பிறகும் முகாம் முடியும்வரை இருந்தாரே என்று கேட்கலாம். உண்மைதான். போதனையைக் கேட்க விரும்பினார், கேட்டார். ஆனால் போதனையை ஏற்பதும் பலவந்தத்தை ஏற்பதும் ஒன்றாகாது. அறைக்கதவை அடைத்துக்கொண்டு போராடியவரின் மறுப்பு, பிறகு அவர் பாடம் கேட்க உட்கார்ந்ததால் அழிந்துபோவதில்லை. ஞானியின் அகம் நமக்கு எட்டாதது, ஆகவே தீர்ப்பு சொல்லாதே என்ற வாதமும் ஒரு பக்கம் மட்டும் வெட்டுவதில்லை. அகம் எட்டாதென்றால் அந்தச் செயல் கருணை என்று சொல்லவும் நமக்கு வழியில்லை. போற்றுவதற்கு மட்டும் அகத்தை அறிந்தவராகவும், கேள்வி வரும்போது அறியாதவராகவும் இருக்க முடியாது. எஞ்சுவது வெளியில் நடந்தது. அதைக் கண்டவர்களின் சாட்சி. பௌத்தத்துக்கு இது புதிதும் இல்லை. காலாமர்களுக்குச் சொன்ன உபதேசத்தில் புத்தர், குரு சொன்னார் என்பதற்காக மட்டும் எதையும் ஏற்காமல் அதன் விளைவைப் பார்க்கச் சொல்கிறார். 1993இல் தர்மசாலாவில் தலாய் லாமாவைச் சந்தித்த மேற்கத்திய பௌத்த ஆசிரியர்களின் கூட்டமும், குருமார்களின் முறைகேடுகளை மறைக்காமல் வெளிப்படையாகப் பேசும்படி சீடர்களை ஊக்குவித்தது.

கடைசி ஆட்சேபம், பணியையும் ஆளையும் பிரித்துப் பார்க்கச் சொல்வது. துருங்பாவின் பணி சிறியதல்ல. ஆன்மிகத்தையே அகந்தை தனக்கு ஆபரணமாக்கிக்கொள்ளும் என்று எச்சரித்து 1973இல் அவர் வெளியிட்ட நூலுக்கு இன்றும் வாசகர்கள் உண்டு. ஆனால் எதிர்க்கலாச்சாரம் தானே இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. வாழ்ந்து காட்டுவதே எழுத்து, எழுதுவதே வாழ்க்கை என்றுதான் அது வந்தது. வாழ்க்கையை ஆதாரமாக முன்வைத்தவரிடம் அந்த ஆதாரத்தைச் சோதிப்பது அத்துமீறல் ஆகாது. பேசாமல் இருந்ததற்கும் விலை இருந்தது. துருங்பா 1987இல் இறந்தபின் அவர் நியமித்த வாரிசு, தனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை மறைத்துப் பாலுறவு கொண்டது 1988 இறுதியில் சங்கத்தில் வெளிப்பட்டது. நிர்வாகிகள் சிலருக்கு முன்பே தெரிந்திருந்தது. குருவின் செயலை யாரும் கேட்கக்கூடாது என்ற பழக்கம் ஒருமுறை வேரூன்றிவிட்டால், அடுத்து வருபவருக்கும் அது நிழல் தரும்.

ஒருவர் ஞானியா, மோசக்காரரா என்று வரலாற்றாளர் தீர்ப்பெழுத வேண்டியதில்லை. துருங்பா இரண்டுமாக இருந்திருக்கலாம். அந்தச் சாத்தியத்தைத் தாங்கும் வாழ்க்கை வரலாறே நமக்குத் தேவை. சாண்டர்ஸின் தொகுப்பு குருவின் ஞானத்தை மறுக்கவில்லை, அந்த ஞானத்தின் பெயரால் அன்றிரவு யாருக்கு என்ன நேர்ந்தது என்பதை அழியாமல் காத்தது. அரசும் திருச்சபையும் குடும்பமும் கேள்விக்கு அப்பாற்பட்டவை அல்ல என்று கிளம்பியவர்கள், தங்கள் நடுவிலேயே கேள்விக்கு அப்பாற்பட்ட ஒரு பீடத்தை எழுப்பிக்கொண்டார்கள். அதை நோக்கிக் கேட்டவர்தான் அந்தக் கலகத்தை அதன் சொந்த வீட்டிலும் தொடர்ந்தவர்.