அருளாக நுழைந்து அன்பாக மாறும் உயிர்

தொடர்புடையார்மீது செல்லும் பற்று அன்பு என்றும், எந்தத் தொடர்பும் கருதாமல் எல்லா உயிர்கள்மீதும் இயல்பாகச் செல்லும் கருணை அருள் என்றும் திருக்குறள் உரையாசிரியராகிய பரிமேலழகர் வேறுபடுத்துகிறார். அன்புடைமை இல்லறவியலிலும் அருளுடைமை துறவறவியலிலும் இடம்பெற்றிருப்பது இந்த வேறுபாட்டுக்கு இசைவாகவே அமைந்துள்ளது. துறவிக்கு உரியதாக வகுக்கப்பட்ட அருளின் வழியே ஓர் உயிர் இல்லறத்தாரின் வீட்டுக்குள் நுழைந்து, அங்கேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டால், அதனை எந்த அறத்தின்படி நடத்துவது என்ற வினாவைத் தெருவிலிருந்து மீட்கப்பட்ட பூனை எழுப்புகிறது. வரும்போது அது யாருக்கும் உறவன்று. சில திங்களுக்குள் அதற்கென ஒரு பெயரும், தட்டும், வெயில் விழும் சன்னல் திண்டில் ஓர் இடமும் ஏற்பட்டுவிட, அருளாகத் தொடங்கியது அன்பாகிவிடுகிறது. அன்பு ஈன்ற குழந்தையே அருள் என்று பொருள் செயல்வகை அதிகாரம் காட்டும் வரிசை இங்கே தலைகீழாகிறது. இந்த மாற்றத்தை வெறும் இளகிய மனத்தின் விளைவாகக் கருதுவது போதாது. அருள் கேட்காத கணக்குகளை அன்பு கேட்கத் தொடங்குகிறது என்பதே அதன் உட்பொருள்.

பூனைக்கும் மனிதருக்கும் உள்ள உறவு தொடக்கத்திலிருந்தே பிற வளர்ப்பு விலங்குகளின் உறவிலிருந்து வேறுபட்டது. மேற்காசியாவில் வேளாண்மை தோன்றித் தானியக் குதிர்களைச் சுற்றி எலி பெருகியபோது, அப்பகுதியின் காட்டுப் பூனை இரை தேடித் தானாகவே ஊரோரம் வந்து பழகியது என்பதே ஆய்வாளர் பலரும் ஏற்கும் கருத்து. சைப்ரஸ் தீவின் ஷில்லூரோகாம்போஸ் என்னும் புதிய கற்கால ஊரில், ஏறத்தாழ 9500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதருக்கு அருகில் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடு கிடைத்த செய்தி 2004இல் வெளியாயிற்று. பூனை இயற்கையாக வாழாத அத்தீவுக்கு யாரோ அதனைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்திருக்க வேண்டும். ஏர் இழுக்கவோ பால் தரவோ கட்டி வைக்கப்படாமல், வந்தும் போயும் உறவு கொண்ட விலங்கு அது.

இவ்வாறு வந்துபோவதையே அறத்துக்கு அடிப்படையாகக் கொண்ட மரபு இஸ்லாத்தில் உண்டு. நபித்தோழர் அபூ கதாதா தொழுகைக்கு முன் தூய்மை செய்துகொள்ள அவருடைய மருமகள் கப்ஷா தண்ணீர் கொண்டுவந்தபோது, ஒரு பூனை அதைக் குடிக்க வர, அவர் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார் என்றும், வியந்து பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வந்துகொண்டிருப்பவற்றுள் ஒன்று என்று நபிகள் கூறியதை எடுத்துரைத்தார் என்றும் ஹதீஸ், அதாவது நபிமொழித் தொகுப்பு, தெரிவிக்கிறது. ஒரு பூனையை அடைத்துவைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண் நரகம் புகுந்தாள் என்பது மற்றொரு நபிமொழி. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு தெளிவான நெறி கிடைக்கிறது: கதவைத் திறந்து வைத்திருப்பவருக்குக் கடன் சிறிது, கதவை அடைத்தவர் அவ்வுயிரின் முழுப் பசிக்கும் பொறுப்பாளர் ஆகிறார். வாகனங்களுக்கு அஞ்சி அடுக்குமாடிக் குடியிருப்பில் பூனையை வெளியே விடாமல் வளர்ப்பவர்கள் ஏற்றுக்கொண்டிருப்பது அந்த முழுப் பொறுப்பைத்தான்; வேளைக்கு உணவு வைப்பதோடு அது முடிவதில்லை, ஏறுவதற்கும் ஒளிவதற்கும் நகத்தைத் தீட்டுவதற்கும் இடம் தருவதும் அதில் அடங்கும்.

தமிழ் மண்ணில் பூனையைச் சமயத் தத்துவத்தின் நடுவில் நிறுத்தியவர்கள் வைணவ ஆசாரியர்கள். இறைவனை அடைய உயிர் செய்ய வேண்டியது என்ன என்ற வாதத்தில், தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப் போல உயிரும் ஒரு சிறு முயற்சியாவது, அருளுக்கு ஒரு வியாஜமாவது, அதாவது சாக்காவது, செய்ய வேண்டும் என்ற வடகலைக் கொள்கை மர்க்கட நியாயம் எனவும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைப் போல உயிர் தன்பால் முயற்சி எதுவுமின்றி இருக்க இறைவனே காப்பான் என்ற தென்கலைக் கொள்கை மார்ஜார நியாயம் எனவும் வழங்கும். ஸ்ரீவசன பூஷணம் இயற்றிய பிள்ளை லோகாசாரியரின் நெறியில், சரணடைதல்கூட அருளைப் பெறுவதற்கான விலை அன்று. உயிரிடம் எதிர்பார்க்கப்படுவது விலக்காமை, அதாவது வருகின்ற அருளைத் தடுக்காதிருத்தல், ஒன்றே.

குட்டியைக் கவ்விச் செல்லும் தாய்ப்பூனையைக் கூர்ந்து நோக்கியவர்களுக்கு இந்த நுட்பம் விளங்கும். பிடரித் தோலைத் தாய் கவ்வியதும் குட்டி கத்துவதையும் துள்ளுவதையும் நிறுத்திவிடுகிறது. உடல் தளர்ந்து, பின்னங்கால்கள் வயிற்றோடு மடங்கி, வால் உள்ளே சுருண்டுகொள்கிறது. இது உடலில் இயற்கையாக அமைந்த மறிவினை. குட்டி எதையும் பற்றுவதில்லை என்றாலும் அதன் உடல் தாயின் நடைக்கு இடையூறு செய்யாமல் தன்னைக் குறுக்கிக்கொள்கிறது. விலக்காமை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது.

ஆனால் தெருப்பூனையை மீட்பவர் தம்மைத் தாய்ப்பூனையின் இடத்தில் வைத்து எண்ணிக்கொள்வது பிழையாகும். வளர்ந்த பூனையைப் பிடரியைப் பற்றித் தூக்கினால் அது அசையாதிருப்பது இசைவினால் அன்று, அச்சத்தினால். அதனாலேயே அவ்வாறு தூக்குவதைத் தவிர்க்க வேண்டும் என்று பூனை மருத்துவத்தில் தேர்ந்தவர்கள் இன்று வலியுறுத்துகின்றனர். பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையிலான காலத்தில் மனிதக் கை படாத குட்டி, பிற்காலத்தில் எவ்வளவு பரிவு காட்டினாலும் எளிதில் நம்புவதில்லை. மேலும், தென்கலை நெறியில் இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவு என்றும் உள்ளது, புதிதாக உண்டாக்கப்படுவதன்று. மனிதருக்கும் தெருப்பூனைக்கும் அத்தகைய உறவு இல்லை. கூண்டில் இரை வைத்துப் பிடிப்பதும், துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மருந்தை வாயில் புகட்டுவதும் அதன் விருப்பத்துக்கு மாறாகவே செய்யப்படுகின்றன. இதனை அருள் என்று மட்டும் அழைத்தால் அந்த வற்புறுத்தல் மறைந்துபோகும். அதை மறைக்காமல் சொல்லிக்கொள்பவரே அதன் அளவையும் குறைத்துக்கொள்ள முயல்வர்.

அன்பு கேட்கும் கணக்குகளுள் கடினமானது உணவு. உயிர் கொல்லும் விலங்கை ஊட்டி வளர்ப்பவர் அதன் கொலையில் பங்கு பெறுகிறார் என்ற அச்சம் சமண அறத்தில் ஆழமானது. 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் இயற்றிய யோகசாஸ்திரம், இல்லறச் சமணர் விலக்க வேண்டிய தொழில்களுள் ஒன்றாக, பொருளுக்காகக் கிளி, பூனை, நாய் முதலியவற்றை வளர்ப்பதைக் குறிப்பிடுகிறது. வருவாய் கருதாமல் வளர்ப்பவருக்கு அந்த விலக்கு நேரே பொருந்தாது எனலாம். ஆயினும் மீன்கடையில் பூனைக்கென்று நெத்திலி வாங்கும் சைவ உணவுக் குடும்பத்தைத் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் விட்டுவிடுவதில்லை. தின்பதற்காக வாங்குவார் இல்லையேல் விற்பாரும் இல்லை என்ற அதன் வாதம், வாங்குபவர் தாமே உண்கிறாரா, பூனைக்கு இடுகிறாரா என்று பார்ப்பதன்று.

இதற்கு அஞ்சித் தயிர்ச்சோறும் பாலும் மட்டும் வைத்து வளர்ப்போர் உண்டு. பூனையின் உடல் இறைச்சியை நம்பி அமைந்தது. டாரின் என்னும் சத்துப்பொருளைப் போதுமான அளவு தானே ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது, அது குறைந்தால் விழித்திரை சிதைந்து பார்வை மங்குவதோடு தசை தளர்ந்து இதயமும் விரிந்துவிடும். இதய நோய்க்கும் இச்சத்துக் குறைவுக்கும் உள்ள தொடர்பு 1987இல் நிறுவப்பட்டது. தம் நோன்பைக் காத்துக்கொள்வதற்காக இன்னோர் உயிரின் கண்ணையும் இதயத்தையும் விலையாகக் கொடுப்பது நோன்பு ஆகாது. பூனையை வீட்டில் சேர்த்தவர் மீனின் சாவில் தமக்குள்ள பங்கை ஒப்புக்கொண்டே மீன் வாங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பங்கு வளர வேண்டிய தேவை இல்லை என்பதனால், அணிலும் தவிட்டுக்குருவியும் இரை தேடும் காலையிலும் மாலையிலும் பூனையை உள்ளே வைத்திருப்பது அதே அறத்தின் மறுபாதி.

கருத்தடையும் இவ்வாறே எண்ணத்தக்கது. பெட்டைப் பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். ஐந்தாறு மாத வயதிலேயே சினையாகலாம், பால் கொடுக்கும் நாளிலேயே மீண்டும் பருவத்துக்கு வரவும் கூடும். ஓர் உயிரின் இனப்பெருக்கத்தை அதன் இசைவின்றி நிறுத்த மனிதருக்கு உரிமை ஏது என்ற கேள்வி நேர்மையானது. எனினும் பூனைகள் பெருகுவதற்குக் காரணமான குப்பைமேடும் மீன் கழிவும் மனிதர் இட்டவை. பெருகியபின் அவை மடிவதும் மனிதர் ஓட்டும் வண்டிகளின் அடியில்தான். இயற்கையின் போக்கில் தலையிடாதிருத்தல் என்று அங்கே சொல்லிக்கொள்ள இடமில்லை. கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காதின் நுனி நேராக வெட்டப்பட்ட தெருப்பூனையை, ஈற்றுக்கு ஈற்று குட்டிகளை இழந்து மெலிந்த பூனையோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் அந்தச் சிறு வெட்டைத் தீங்கெனக் கொள்வது கடினம்.

அருளுக்கு எல்லை இல்லை; வீட்டுக்கு உண்டு. அன்பு ஈன்ற அருள் என்னும் குழந்தையைச் செல்வம் என்னும் செவிலியே வளர்க்கிறாள் என்று முன்னே சுட்டிய பொருள் செயல்வகைக் குறள் கூறுவதன் உண்மை தடுப்பூசிக்கும் அறுவைக்கும் பணம் கட்டுபவருக்குத் தெரியும். இடமும் பொருளும் மீறிப் பூனைகளைச் சேர்த்த வீட்டில் நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும், அஞ்சிய பூனை கட்டிலின் அடியிலேயே வாழ்நாளைக் கழிக்கும். ஆகவே அடுத்து வரும் பூனையை உள்ளே ஏற்காமல், கருத்தடை செய்து வாசலிலேயே உணவு வைப்பது அருளில் குறைவு அன்று. உள்ளே ஏற்றுக்கொண்டதற்கோ கணக்கு நீளமானது. வீட்டுப்பூனை பதினைந்து ஆண்டும் அதற்கு மேலும் வாழக்கூடியது. முதுமையில் சிறுநீரகம் தளரும் பூனைகளுக்கு, தோலுக்கடியில் திரவம் ஏற்றும் பணி வீட்டாரின் அன்றாட வேலையாகிவிடுவதும் உண்டு. பசியால் வாட நேரும் நிலையில் விலங்கைக் கைவிடுவதை இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது; வீடு மாறும்போதும் வெளிநாடு செல்லும்போதும் பூனையைப் பழைய தெருவிலேயே விட்டுப் போவோர் அதனை எண்ணிப் பார்ப்பதில்லை. அறுபது வயதில் ஒரு குட்டியை ஏற்பவர், தமக்குப்பின் அதற்குச் சோறு வைப்பவர் யார் என்பதை அன்றே முடிவுசெய்து, அவரிடம் சொல்லியும் வைக்க வேண்டும்.