யாருக்கு இடம் இருந்தது?

அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி பாரிஸிலிருந்து எழுதுகிறார். அந்த நகரில் 1686இல் தொடங்கப்பட்ட புரோகோப் உணவகத்தைப் பற்றிச் சொல்பவர்கள், வோல்தேரும் திதரோவும் வந்து அமர்ந்த இடம் என்று பெருமைப்படுவார்கள். அங்கே அவர்கள் அருந்திய கோப்பி, 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டுச் சூஃபிகள் இரவுத் திக்ருக்கு விழித்திருக்கக் குடித்த பானம். 1550களில் இஸ்தான்பூலில் கோப்பிக்கடைகள் திறந்தபோதும் கவிஞர்கள் அங்கே கூடினர்.

இத்தகைய கடைகளின் வரலாற்றை எழுதுவோர் யார் வந்தார்கள் என்று கணக்கெடுக்கிறார்கள். யாரால் வர முடியவில்லை என்பதும் அந்த வரலாற்றில் சேராதா?

அல்லைப்பிட்டியிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்தால் யாழ்ப்பாண நகரம். ஒரு காலத்தில் குடாநாட்டின் பல தேநீர்க்கடைகளில் தாழ்த்தப்பட்டோர் உள்ளே அமர முடியாது. அவர்களுக்குப் பாத்திரமும் வேறு. 1957இல் இதற்கெதிராகச் சட்டம் வந்தது. கதவுகள் திறக்க, 1966 ஒக்டோபரிலிருந்து நடந்த போராட்டங்கள் வேண்டியிருந்தன. அதே 1966இல் டொமினிக் ஜீவா 'மல்லிகை'யைத் தொடங்கினார். ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த அவரைத் தேடி எழுத்தாளர்கள் சென்ற இடம், கஸ்தூரியார் வீதியில் அவர் தொழில் செய்த சலூன். உணவக வாங்கில் கிடைக்காத சமத்துவம் முடிவெட்டும் நாற்காலியருகே கிடைத்தது.

1990 ஓகஸ்டில் படை நடவடிக்கையால் அல்லைப்பிட்டி உள்ளிட்ட தீவக மக்கள் சிதறினர். ஒக்டோபர் 30 அன்று யாழ் நகர முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். அதன் பின்னரும் நகரில் இலக்கியக் கூட்டங்கள் நடந்தன. முந்திய நாள்வரை அருகிலிருந்தவன் எங்கே என்று அங்கே உரத்துக் கேட்டவர்கள் மிகச் சிலரே. துப்பாக்கிக்கு அஞ்சி மௌனமாக இருந்தவரைக் குற்றவாளி என்பது நியாயமாகாது. போர் 2009இல் முடிந்தது. அதற்குப் பின்னரும் பழைய தேநீர்க்கடை நாட்களைச் சுவையாக நினைவுகூர்ந்து, வெறுமையான அந்த இடத்தைச் சொல்லாமல் விடுவதற்கு அச்சத்தைக் காரணம் காட்ட முடியாது.

இந்தக் கேள்வி நம்மையும் விடாது. நம் ஊர்த் தேநீர்க்கடைகளில் இரவிரவாக இலக்கியம் பேசியிருக்கிறோம். அந்த வாங்குகளில் நம் பெண் எழுத்தாளர்கள் எத்தனை பேர் அமர்ந்தார்கள்? செல்வரை அழைத்து ஏழையை விட்டுவிடும் வலீமா விருந்தை நபிகள் நாயகம் (ஸல்) இழிவானதென்றார்கள். அழைக்கப்படாதவரை வைத்தே விருந்து அளக்கப்படுகிறது. நம் இலக்கியச் சபைகளின் வரலாற்றை எழுதும்போதும் அந்த அளவுகோலைக் கையில் எடுப்போம்.